நெஞ்சுவலியும் ட்ரோபோனினும்: காவிரிப் படுகையிலிருந்து ஒரு பார்வை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என எந்த ஊர் மருத்துவமனை வாசலில் நின்றாலும் நெஞ்சுவலியைப் பற்றி இரண்டு பேச்சுகள் காதில் விழும். ஒன்று, "ட்ரோப் பாசிட்டிவாம், அட்டாக்தான்." மற்றொன்று, "ரத்தத்துல ஒண்ணும் இல்லையாம், வாயுதான், வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க." இரண்டும் ஒரே ரத்தப் பரிசோதனையை வைத்துச் சொல்லப்படுபவை. முதல் பேச்சு தேவையில்லாத பீதியையும் சில சமயம் தவறான சிகிச்சையையும் கொண்டுவருகிறது. இரண்டாவது பேச்சு உயிரையே கொண்டுபோகிறது.

ட்ரோபோனின் பரிசோதனையைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இதயத் தசை காயம்பட்டிருப்பதை இதைவிட நுட்பமாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை இன்று வேறில்லை. ஆனால் காயம் பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். எதனால் பட்டது என்று சொல்லாது. காயம் பட்ட உடனேயும் சொல்லாது, சற்றுத் தாமதமாகத்தான் சொல்லும். இந்த இரண்டு எல்லைகளையும் தெரிந்துகொள்ளாமல் ஆய்வக அறிக்கையைப் படித்தால் என்ன ஆகும் என்பதை, நெல்லும் வெயிலும் நீண்ட சாலைகளும் கொண்ட காவிரிப் படுகையை முன்வைத்துப் பார்க்கலாம்.

தசைக்குள் இருக்கும் புரதம்

இதயத் துடிப்பு என்பது தசை இழைகள் சுருங்கி விரிவது. அந்தச் சுருக்கம் எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் புரதத் தொகுதியே ட்ரோபோனின். டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செட்சுரோ எபாஷியும் அயாகோ கொடாமாவும் 1965-ல் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். இதற்கு மூன்று பகுதிகள் உண்டு. 'சி' கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. 'ஐ' சுருக்கத்தைத் தடுத்து வைக்கிறது. 'டி' இந்தத் தொகுதியை இழையோடு பிணைக்கிறது. இதயத்தில் இருக்கும் 'சி' உடலின் வேறு சில தசைகளிலும் அப்படியே இருப்பதால் நோயறிதலுக்கு உதவாது. 'ஐ', 'டி' இரண்டும் இதயத்தில் தனி வடிவம் கொண்டவை. அதனால்தான் ஆய்வக அறிக்கைகளில் ட்ரோபோனின் ஐ அல்லது ட்ரோபோனின் டி என்று இரண்டில் ஒன்றைப் பார்க்கிறோம்.

இதற்கு முன்பு வந்த பரிசோதனைகள் இதயத்தையும் மற்ற உறுப்புகளையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை. 1954-ல் நியூயார்க்கைச் சேர்ந்த லாட்யூ, ரொப்லெவ்ஸ்கி, கார்மென் மூவரும் மாரடைப்புக்குப் பின் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி ரத்தத்தில் கூடுவதைக் கண்டார்கள். அதே நொதி ஈரல் கெட்டாலும் கூடும். இன்று அது ஈரல் பரிசோதனைப் பட்டியலில்தான் இருக்கிறது. பிறகு வந்தது சி.பி.கே. எலும்புத் தசைகளிலும் நிறைய இருக்கும் நொதி அது.

அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ஒரு மூட்டை 40 கிலோ. காலையிலிருந்து எடைமேடைக்கும் அட்டிக்கும் லாரிக்கும் நடந்தவருக்கு, இதயம் முழு நலத்தோடு இருந்தாலும், உடல் தசைகளின் களைப்பாலேயே சி.பி.கே. கூடியிருக்கும். அதை வைத்து அவருடைய நெஞ்சுவலி எப்படிப்பட்டது என்று முடிவு சொல்வது கடினம். உடலுழைப்பு மிகுந்த ஊர்களில் பழைய பரிசோதனைகளின் பெரிய குறை இது. ட்ரோபோனின் அந்தக் குறையைத் தீர்த்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஹ்யூகோ காட்டுஸ் குழுவினர் 1989-ல் ட்ரோபோனின் டி-யை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். 2000-ல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் இணைந்து மாரடைப்புக்கான வரையறையைத் திருத்தியபோது ட்ரோபோனின் அதன் மையத்துக்கு வந்தது.

இரண்டாவது ஊசி ஏன்

இதய ரத்தக்குழாய் அடைபட்டு ஏறத்தாழ அரை மணி நேரம் கழிந்தால் தசை சாகத் தொடங்குகிறது. செல்லின் நீரில் தனியாகக் கிடக்கும் ட்ரோபோனின் மிகக் கொஞ்சம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. முதலில் கசிவது அதுதான். மீதி முழுவதும் இழைகளோடு பிணைந்திருப்பதால் தசை சிதையச் சிதையப் பல நாள்களுக்கு மெல்ல மெல்ல ரத்தத்தில் கலக்கிறது.

இதனால் நடைமுறையில் இரண்டு விளைவுகள் உண்டு. வலி தொடங்கி முக்கால் மணி நேரத்தில் ஓடிவந்தவருக்கு, மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே முடிவு நார்மல் என்று வரலாம். பழைய முறைகளில் அளவு ஏறியிருப்பதைக் காண 3 முதல் 6 மணி நேரம் தேவைப்பட்டது. உயர்நுண்திறன் கொண்ட இன்றைய கருவிகள் அதை 1 முதல் 3 மணி நேரமாகக் குறைத்திருக்கின்றன. மறுபக்கம், போன வாரம் வந்த வலியை வாயு என்று விட்டுவிட்டு இன்று காய்ச்சலுக்காக வந்தவருக்கும் ட்ரோபோனின் கூடியே இருக்கலாம். பெரிய மாரடைப்புக்குப் பின் ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம்கூட அது ரத்தத்தில் தங்கும்.

ஆகவே ஒற்றை அளவைவிட, இரண்டு அளவுகளுக்கு இடையிலான மாற்றமே முக்கியம். டெல்டாவில் இதற்கு மேட்டூர் அணையை நினைத்துக்கொண்டால் போதும். நீர்மட்டம் இத்தனை அடி என்ற செய்தியோடு எந்த விவசாயியும் நிறுத்துவதில்லை. நேற்று எத்தனை, இன்று எத்தனை, வரத்து கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துத்தான் நாற்று விடுவதா என்று முடிவு செய்கிறார். ட்ரோபோனினையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா?

ஐரோப்பிய இதயவியல் கழகம் 2015 முதல் பரிந்துரைக்கும் ஒரு மணி நேர முறை இதை எண்களில் சொல்கிறது. உயர்நுண் ட்ரோபோனின் டி பரிசோதனையில் முதல் அளவு லிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழே இருந்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்த இரண்டாவது அளவிலும் மாற்றம் 3-க்குக் குறைவாக இருந்தால், மாரடைப்புக்கான வாய்ப்பு மிகக் குறைவு. முதல் அளவே 52 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஒரு மணி நேரத்தில் 5 அல்லது அதற்கு மேல் ஏறினாலோ, வாய்ப்பு மிக அதிகம். இரண்டுக்கும் நடுவே இருப்பவர்களை மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணித்து, மீண்டும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த எண்கள் ட்ரோபோனின் டி-க்கு உரியவை. ட்ரோபோனின் ஐ-யை அளக்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் எண்கள் வேறு. அதனால் ஒரு ஆய்வகத்தில் எடுத்த முதல் அளவையும் இன்னொரு ஆய்வகத்தில் எடுத்த இரண்டாவது அளவையும் ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று சொல்லக்கூடாது.

அட்டையில் விழும் கோடு

சிறு நகரங்களில் பலரும் சந்திப்பது கருவிப் பரிசோதனையை அல்ல, அட்டைப் பரிசோதனையை. கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் அட்டை. அதன் ஓரத்துக் குழியில் சில துளி ரத்தம் விட்டுவிட்டு 15 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு விழுந்தால் அட்டை வேலை செய்கிறது, ட்ரோபோனின் தென்படவில்லை என்று பொருள். இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தாலும் அது பாசிட்டிவ். மின்சாரமோ பெரிய கருவியோ வேண்டாம், இரவு இரண்டு மணிக்கும் செய்யலாம் என்பதால் இதன் பயன் பெரிது.

ஆனால் நுண்மையில் இது கருவிக்கு நிகராகாது. கண்ணால் பார்க்கும் ட்ரோபோனின் டி அட்டையில் கோடு தெளிவாக விழ லிட்டருக்கு ஏறத்தாழ 100 நானோகிராம் தேவை. உயர்நுண் கருவியில் நலமுள்ளவர்களின் மேல் எல்லையாக வைக்கப்பட்டிருப்பது 14. இடையில் ஏழு மடங்கு தூரம். சிறிய மாரடைப்புகளும், பெரிய மாரடைப்பின் முதல் சில மணி நேரங்களும் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. அட்டையில் பாசிட்டிவ் வந்தால் இதயத் தசைக்குப் பெரும்பாலும் நல்ல காயம்தான். நெகட்டிவ் வந்தால் அதை மட்டும் நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

14 என்ற அந்த எல்லை எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நலமுள்ள பெருந்தொகையானவர்களின் ரத்தத்தை அளந்து, அவர்களில் 100-க்கு 99 பேரின் அளவு எதற்குள் அடங்குகிறதோ அதையே எல்லையாக வைக்கிறார்கள். நலமுள்ளவர்களின் ரத்தத்திலும் மிக நுண்ணிய அளவில் ட்ரோபோனின் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த எல்லை குறைவு. பரவலாகப் பயன்படும் ஓர் உயர்நுண் ட்ரோபோனின் ஐ பரிசோதனையில் ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 16. இருபாலருக்கும் ஒரே எல்லையை வைத்தால் பெண்களின் மாரடைப்புகள் சில கண்ணுக்குத் தப்பிவிடும். ஏற்கெனவே பெண்களின் நெஞ்சுவலி வீட்டிலும் மருத்துவமனையிலும் தாமதமாகவே கவனிக்கப்படுகிறது. அதோடு இதுவும் சேரக் கூடாது.

அறிக்கையைக் கையில் வாங்குபவர் அலகையும் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.014 நானோகிராம், மில்லிலிட்டருக்கு 14 பிகோகிராம், லிட்டருக்கு 14 நானோகிராம் மூன்றும் ஒரே அளவுதான். நேற்று ஓர் இடத்தில் 0.03 என்றும் இன்று இன்னோர் இடத்தில் 30 என்றும் வந்தால் ஆயிரம் மடங்கு ஏறிவிட்டதாக அலற வேண்டியதில்லை. அலகு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

காயம் வேறு, மாரடைப்பு வேறு

2018-ல் வெளிவந்த மாரடைப்பின் நான்காவது உலகளாவிய வரையறை இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்கிறது. ட்ரோபோனின் எல்லைக்கு மேல் போனால் அது இதயத் தசைக் காயம். அளவு ஏறி இறங்கினால் புதிய காயம். அதோடு, ரத்த ஓட்டம் குறைந்ததற்கான சான்று வலியிலோ இ.சி.ஜி.யிலோ எக்கோவிலோ ஆஞ்சியோவிலோ இருந்தால்தான் மாரடைப்பு. மாரடைப்பிலும் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. குழாய்ச் சுவரின் கொழுப்புப் படிவு வெடித்து ரத்தம் உறைந்து அடைப்பது முதல் வகை. அடைப்பு புதிதாக எதுவும் விழாமல், இதயத்தின் தேவைக்குப் பிராணவாயு போதாமல் போவது இரண்டாம் வகை.

காவிரிப் படுகையின் நோய்களை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு ஏன் உயிர்நாடி என்பது விளங்கும். முதலில் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை உண்டு. கடுமையான ரத்தசோகையோடு வெயிலில் குனிந்து நடவும் களையெடுப்பும் செய்யும் பெண்ணுக்கு இதயம் படபடவென்று அடித்து, தசைக்குப் பிராணவாயு போதாமல் ட்ரோபோனின் ஏறலாம். அவருக்குத் தேவை ரத்தமும் இரும்புச்சத்தும், ரத்தம் குறைந்ததற்கான காரணத்தைத் தேடுவதும். மாரடைப்பு என்று நினைத்து ரத்தத்தை இளக்கும் மருந்துகளை அடுக்கினால், குடலில் ரத்தக் கசிவு இருப்பவருக்கு அதுவே எமனாகிவிடும்.

அடுத்து மழைக்காலக் காய்ச்சல்கள். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல், புதரிலும் வரப்போரப் புல்லிலும் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ், டெங்கு மூன்றும் இதயத் தசையை அழற்சிக்கு உள்ளாக்கக் கூடியவை. ஸ்க்ரப் டைஃபஸ் முற்றி வந்தவர்களிடம் இதயத் தசைக் காயம் அடிக்கடி காணப்படுவதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான்கு நாள் காய்ச்சலோடு நெஞ்சு கனத்து வருபவரிடம், அக்குளிலும் இடுப்பிலும் கருகிய புண்போன்ற கடிவாய் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது ட்ரோபோனின் எண்ணைவிட அதிகம் சொல்லும். டாக்சிசைக்ளின் என்ற எளிய மருந்து அவரைக் காப்பாற்றும்.

செந்தேள் கடி இன்னொன்று. அதன் நஞ்சு உடலில் அட்ரினலின் வகைச் சுரப்புகளைப் பெருக்கெடுக்கச் செய்து, குழந்தைகளின் இதயத்தைக்கூடச் சில மணி நேரத்தில் தளர்த்திவிடும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் இருந்தபடியே இதை ஆராய்ந்து, பிராசோசின் என்ற மலிவான மாத்திரையால் இறப்புகளைக் குறைத்துக் காட்டியவர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். தேள் கடித்த குழந்தையின் ரத்தத்தில் ட்ரோபோனின் கூடினால் அது இதயம் பாதிக்கப்பட்டதற்கான எச்சரிக்கை. ரத்தக்குழாய் அடைப்பைத் தேட வேண்டிய இடம் அதுவன்று.

கடைசியாகச் சிறுநீரகம். சர்க்கரையாலோ ரத்தக்கொதிப்பாலோ சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ட்ரோபோனின் எப்போதுமே எல்லைக்கு மேல் நிற்கலாம். இவை இரண்டும் இல்லாமலேயே, வெயிலில் வேலை செய்யும் உழவுத் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் கெடுவதைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இத்தகையவர்களிடம் இரண்டு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால் அது நாள்பட்ட காயம். ஆனாலும் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு வருங்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதற்கான அடையாளம் அது.

2017 ஜனவரியில் எழுந்த கேள்வி

காயத்துக்கும் காரணத்துக்கும் உள்ள இடைவெளி டெல்டாவில் ஒருமுறை அரசியல் வழக்காகவே மாறியது. 2016-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. செப்டம்பர் 20-ல்தான் திறந்தது. வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. சம்பா கருகியது. பயிரைப் பார்க்கப் போன விவசாயி வயலிலேயே சரிந்து இறந்தார் என்ற செய்தி நாள்தோறும் வந்தது. ஒரு மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளை முன்வைத்து, 2017 ஜனவரித் தொடக்கத்தில் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழ்நாடு அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜனவரி 10-ல் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பல இறப்புகளுக்கு நோயும் முதுமையும் காரணம் என்று அரசுத் தரப்பும், பயிர் போன அதிர்ச்சியே காரணம் என்று விவசாயச் சங்கங்களும் வாதிட்டன.

மன அதிர்ச்சி இதயத் தசையைக் காயப்படுத்துமா? படுத்தும். ரத்தக்குழாயில் அடைப்பே இல்லாமல், பேரதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் நுனிப் பகுதி உப்பிச் செயலிழப்பதை 1990-ல் ஜப்பானிய மருத்துவர் ஹிக்காரு சாட்டோவும் குழுவினரும் தக்கோட்சுபோ என்று பெயரிட்டு விவரித்தார்கள். 2004-ல் நீகாட்டா நிலநடுக்கத்துக்குப் பிறகு அப்பகுதியில் இந்த நோய் திடீரெனக் கூடியது. ட்ரோபோனினும் இதில் ஏறும். அடைப்புக்கான படிவு ஏற்கெனவே இருப்பவருக்குக் கடும் மன அழுத்தம் முதல் வகை மாரடைப்பையே தூண்டவும் கூடும்.

ஆனால் வயலில் விழுந்தவரைப் பற்றி ரத்தப் பரிசோதனையால் எதையும் நிறுவ முடியாது. மாரடைப்பு தொடங்கிய முதல் மணி நேரத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் துடிப்பின் ஒழுங்கு குலைந்து இறக்கிறார்கள். அப்போது ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறியே இருக்காது. இறந்தபின் எடுக்கும் ரத்தத்திலோ சிதையும் தசையிலிருந்து கசிந்த ட்ரோபோனின் கலந்திருக்கும். உயிரோடிருப்பவரின் எண்ணுக்கு உள்ள பொருள் அதற்கு இல்லை. எனவே மாரடைப்பு என்று சான்றிதழில் எழுதியதாலேயே வறட்சிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று சொல்வது அறிவியல் ஆகாது. வறட்சிக் காலத்தில் நடந்த ஒவ்வொரு சாவுக்கும் வறட்சியே காரணம் என்பதும் அப்படியே. கடன், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம், மாத்திரை வாங்கப் பணமின்மை, மருத்துவமனையின் தூரம் எல்லாவற்றையும் சேர்த்து விசாரித்தால்தான் அத்தகைய மரணத்துக்கு விடை கிடைக்கும். அந்த விசாரணையை மேற்கொள்ள வேண்டிய பொறுப்பு அரசுடையது. ஆய்வகத்தின் தலையில் அதைக் கட்ட முடியாது.

முதலில் இ.சி.ஜி.

நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட விதி. அதில் எஸ்.டி. பகுதி உயர்ந்திருந்தால் பெரிய குழாய் முழுவதும் அடைபட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அப்போது ட்ரோபோனின் முடிவுக்காக ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோ செய்து அடைப்பை நீக்க முடிந்தால் அதற்கு அனுப்ப வேண்டும். முடியாதென்றால் கட்டியைக் கரைக்கும் ஊசியை, ஸ்ட்ரெப்டோகைனேஸ் அல்லது டெனெக்டெப்ளேஸை, இருக்கும் இடத்திலேயே போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்த ஊசியின் பலன் மிகுதி. 12 மணி நேரத்துக்குப் பிறகு அது பெரும்பாலும் பயன்படாது.

படுகையில் இந்த 120 நிமிடம் எளிதில் கரைந்துவிடும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் உயர்சிறப்புச் சிகிச்சைப் பிரிவு 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. திருவாரூரில் 2010-லும், நாகப்பட்டினத்தில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. தூரம் குறைந்திருக்கிறது. ஆனால் நேரத்தை அதிகம் தின்பது சாலை அல்ல, வீடுதான். இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைத் தொடர்ந்த கிரியேட் ஆய்வு 2008-ல் லான்செட் இதழில் வந்தது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை சேரும்வரை பாதிப் பேருக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. சோடா, ஓமத் தண்ணீர், ஜெலுசில், தைலம், விடியட்டும் பார்க்கலாம் என்ற பேச்சு என அந்த ஆறு மணி நேரம் எப்படிப் போகிறது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வழி என்ன என்பதையும் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டரும் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம், 2012 முதல் 2014 வரை நான்கு மருத்துவமனைத் தொகுப்புகளில் நடந்தது. சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள மைய மருத்துவமனைகளோடும் 108 ஆம்புலன்ஸோடும் இணைத்தார்கள். சிறிய மருத்துவமனையில் இ.சி.ஜி.யும் கரைக்கும் ஊசியும், பிறகு மைய மருத்துவமனையில் ஆஞ்சியோ என்பதே அதன் முறை. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017-ல் வெளியானபோது, ஓராண்டுக்குள் இறந்தோர் விழுக்காடு 17.6-லிருந்து 14.2-ஆகக் குறைந்திருந்தது. அந்த உயிர்களைக் காத்தது நேரத்தோடு பார்த்த இ.சி.ஜி.யும் தடையில்லாமல் கைமாறிய நோயாளியும்தான். 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு என்று ஐயப்படுபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகள் முதல் தவணையாகத் தரப்படுகின்றன. அதற்கும் ட்ரோபோனின் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அப்படியானால் ட்ரோபோனினுக்கு இடம் எங்கே? இ.சி.ஜி.யில் தெளிவான மாற்றம் இல்லாமல் வலி மட்டும் இருப்பவரிடம். அத்தகையவர்கள் ஏராளம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். அவர்களில் யாரை உள்ளே வைத்துக்கொள்வது, யாரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவது என்பதை இரண்டு முறை எடுத்த உயர்நுண் ட்ரோபோனின்போல் வேறெதுவும் சொல்லாது. அதனால் வட்ட மருத்துவமனைகளுக்கும் இந்தக் கருவி வர வேண்டும். வந்த கருவி இரவிலும் இயங்க வேண்டும். இரண்டாவது ரத்தம் எடுக்கும்வரை நோயாளி படுத்திருக்க ஒரு கட்டிலும் வேண்டும்.

வலி எதுவும் இல்லாதவர் முழுவுடல் பரிசோதனைத் தொகுப்பில் ட்ரோபோனினைச் சேர்த்துக்கொள்வதால் பயன் மிகக் குறைவு. இன்று நார்மல் என்று வந்தால் இன்று தசைக்குக் காயமில்லை, அவ்வளவே. குழாயில் படிவு இல்லை என்றோ நாளை அடைக்காது என்றோ அது சொல்லாது. அந்தப் பணத்துக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொண்டு, புகையிலையை விடுவதே இதயத்துக்குச் செய்யும் நன்மை.

வாசகருக்கு

நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்து சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும் 108-ஐ அழையுங்கள். வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காதீர்கள். நோயாளியை மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். மருத்துவரின் முடிவில் பாதி அந்த நேரத்தைப் பொறுத்தது. சிறுநீரகக் கோளாறு, அண்மையில் வந்த காய்ச்சல், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இ.சி.ஜி. எடுத்தாயிற்றா, அதை மருத்துவர் பார்த்துவிட்டாரா? ட்ரோபோனின் அட்டையில் பார்த்ததா, கருவியில் அளந்ததா? இரண்டாவது முறை எப்போது எடுப்பீர்கள்? இரண்டாவது முறை எடுக்காமல், வலியும் தீராமல், ஒன்றுமில்லை போங்கள் என்று யார் சொன்னாலும், அங்கேயே இருந்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முதல் ரத்தப் பரிசோதனை நார்மல் என்பது மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.